பெயர் வெட்டிய கிரைண்டர்

ஆமத்தூர் கருப்பணன் வீட்டில் கிரைண்டருக்குப் பஞ்சமில்லை, மாவுக்குத்தான் பஞ்சம். ஊரில் யார் வீட்டு மிக்ஸி, கிரைண்டர் மூச்சை நிறுத்தினாலும், இரும்புக்கடைக்குப் போவதற்குள் வழிமறித்து வாங்கிவிடுவார். தோட்டத்தில் கத்தரிச்செடி தண்ணீரில்லாமல் வாடும். மனுஷனோ, செத்துப்போன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கட்டி முடித்துத் துடைத்து, ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்து, உறை போட்டு மூடிவிடுவார். "தேஞ்சு போயிரும், தொடாதீக" என்று அதட்டல் வேறு. அவர் மனைவி யோகலட்சுமி இட்லி மாவைக் கடையில் பாக்கெட்டாக வாங்கிக்கொண்டிருந்தாள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

அந்த வீட்டுக்குத்தான் மகள் அழகுமீனாவைப் பெண் கேட்டுக் காரியாபட்டியிலிருந்து வந்தார்கள். பையன் விக்னேஷ்குமார், சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். கூடவே அவன் அம்மா செல்வலட்சுமியும் தாய்மாமன் மணிமுத்துவும். பையனைப் பார்த்ததுமே அழகுமீனாவுக்குப் பிடித்துவிட்டது. இது நல்லபடியாக முடியவேண்டுமே என்று அடுப்படியில் நின்று தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பொண்ணைத் தருவீகளா?" என்று கேட்ட மணிமுத்து இன்னும் வாயை மூடவில்லை.

"ஒங்களுக்கு இல்லாத பொண்ணா! தாராளமாக் கூட்டிட்டுப் போங்க" என்று எழுந்துவிட்டார் கருப்பணன். "அது கெடக்கட்டும். இங்கன வாங்க, எங்கிட்ட உள்ள சாமானெல்லாம் காட்டுறேன்."

காபி ஆறிக்கொண்டிருக்க, எல்லோரையும் பின் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே ராஜா மாதிரி நடுவில் நின்ற பெரிய கிரைண்டரின் உறையை உருவினார்.

"ஒங்க ஊர்ப் பக்கம் ஒரு இரும்புக்கடையில அழுக்குப் பிடிச்சுக் கெடந்துச்சு. தேய் தேய்னு தேச்சேன். சட்டியில வெட்டுன பேருகூட எப்படிப் பளிச்சுனு இருக்கு, படிச்சுப் பாருங்க!"

மணிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே படித்தார்: "செல்வலட்சுமி திருமணத்துக்கு அண்ணன் மணிமுத்து அன்பளிப்பு."

மணிமுத்து தங்கை பக்கம் திரும்பினார்.

"பின்கட்டுல பத்திரமா இருக்குன்னு சொன்னயே! நான் குடுத்த சீரையா இரும்புக்கடையில போட்ட?"

"ஓடலைண்ணே... எடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு..." செல்வலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கோபத்தில் வாசலைப் பார்த்துக் கிளம்பிய மணிமுத்துவை அந்த அழுகை நிறுத்தியது. அவர் கருப்பணனிடம் சொன்னார்: "அண்ணாச்சி, எஞ் சீரு எந் தங்கச்சி வீட்டுக்கே திரும்பட்டும். கல்யாணத்தை நானே முன்னால நின்னு நடத்துறேன். முடியாதுன்னா சொல்லுங்க, வேற எடம் பாத்துக்கிடுறோம்."

கருப்பணனின் கை தானாகப் போய்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டது.

"இதுக்குப் பதிலா வேற ரெண்டு எடுத்துக்கிடுங்களேன்? அந்தச் சின்னது நல்லா அரைக்கும். இந்த மாடலு இனிமே எங்கயுமே கெடைக்காது..."

யோகலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். மணிமுத்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். விக்னேஷ்குமார் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் முழித்தான். அப்போதுதான் அடுப்படியிலிருந்து அழகுமீனா வந்தாள்.

"எப்பா, என்னையக் கேட்டப்ப ஒரு மூச்சு விடுற நேரங்கூட யோசிக்கலையே. இதுக்கு மட்டும் எம்புட்டு நேரம்ப்பா யோசிப்பீக?"

கருப்பணன் மகளைப் பார்த்தார். கிரைண்டரைப் பார்த்தார்.

"இதுக்குக் காயிலு நானே எங் கையால கட்டுனதுத்தா" என்றார்.