பெயரைக் கேட்டதும் எழுந்தவர்

கோலா சிலாங்கூருக்கு அருகிலிருந்த எங்கள் தோட்டத்தில் செல்லன் முப்பத்து நான்கு ஆண்டுகள் ரப்பர் மரம் சீவினார். விடியுமுன் பெரட்டில், ஆள் கணக்கெடுக்க, மேற்பார்வை மண்டோர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும்போது, "இருக்கேங்க ஐயா!" என்று அவர் எழுப்பும் குரல் லயத்தின் கடைசி வீடுவரை கேட்கும். அக்குரலுக்கு மேல் அவரைப் பற்றி, பள்ளி ஆசிரியனாகிய நான், அறிந்தது குறைவு.

1986இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறியது, பேச்சு தேறவில்லை. எதைக் கேட்டாலும் "இருக்கேங்க ஐயா" மட்டுமே வந்தது. சொன்னவுடன் தலை கவிழ்ந்துகொள்வார். தாம் சொல்ல நினைத்தது அதுவன்று என்பது அவருக்குத் தெரியும்.

மருத்துவர் விளக்கியதை அவர் மகள் லெட்சுமியோடு நானும் கேட்டேன். மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றைத் தூண்டுந்தோறும் அவற்றின் இணைப்பு வலுப்படுகிறது. புழங்காத இணைப்பு மெலிகிறது. நெடுங்காலம் வலுத்த கூட்டத்தில் சில அணுக்கள் கிளர்ந்தாலே போதும், முழுக் கூட்டமும் விழித்து மற்றவற்றை அமுக்கிவிடும்.

"புதுச் சொல்லைத் திரும்பத் திரும்பப் பழக்குங்கள். பழையதைக் கிளறாதீர்கள்" என்றார்.

மறுமாதம் லெட்சுமிக்கு நிச்சயம். சபையில் லெட்சுமியின் சித்தப்பா "சம்மதம்" சொல்லட்டும் என்று உறவினர்கள் கூறியபோது, தாமே சொல்வதாகச் செல்லன் தம் மார்பைத் தட்டிக் காட்டினார். பழக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். வகுப்பில் வருகை எடுப்பதைப் போலவே மாலைதோறும் தொடங்குவேன்.

"செல்லன்! சம்மதம், சொல்லு."

"இருக்கேங்க ஐயா."

"தப்பு. செல்லன்! மறுபடியும்."

"சார், பேரு சொல்லாமக் கேட்டுப் பாருங்களேன். நேத்து நான் சோறு போடறப்போ 'சம்'வரைக்கும் வந்துச்சு" என்றாள் லெட்சுமி.

"எதற்கும் ஒரு முறை உண்டு, அம்மா" என்றேன்.

நிச்சயத்தன்று, ரவாங்கிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தந்தை நாராயணசாமி, "சம்பந்தி, பொண்ணைத் தர சம்மதமா?" என்று கேட்டார். செல்லனின் உதடுகள் கூடின. "ச... சம்..."

எனக்குப் பொறுக்கவில்லை. "செல்லன்!" என்றேன்.

அவர் விறைத்து எழுந்தார். "இருக்கேங்க ஐயா!"

"பெரட்டு இன்னும் முடியலலா!" என்றான் எவனோ. சபை சிரித்தது. செல்லன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சித்தப்பாதான் சம்மதம் சொன்னார், தட்டு மாற்றினார்கள். லெட்சுமி என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். பெயரைச் சொல்லலாகாது. வேறு எப்படி அழைப்பதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவரை ஒருநாளும் நான் முறைவைத்து அழைத்ததில்லை.

"அண்ணே" என்றேன்.

அவர் விறைத்து எழவில்லை; உட்கார்ந்தபடியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இருக்கேங்க ஐயா" வரவில்லை.