கடைசி அறை உறவுகள்

எவரும் களவாட நினைக்காத பொருள்களுக்கு நாள் முழுவதும் காவல் நிற்பதே எங்கள் தொழில். கடைவாசலில் நிற்பவர்கள், வாகனத் தரிப்பிடத்துக் கண்ணாடிக் கூண்டில் அடைபட்டிருப்பவர்கள் ஆகிய அன்பர்கள் இதனை உணர்வார்கள்: நிற்பது கால்களுக்கு நோவு, பேசாதிருப்பது அதனினும் பெரிய நோவு. நான் நிற்கும் இடம், ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து புகையிரதத்தில் சற்றுத் தொலைவிலுள்ள ஒரு சிறுநகரத்தின் காட்சிக்கூடம். அந்நகரில் முன்னர் வாழ்ந்த யூதக் குடும்பங்களின் நிழற்படங்கள் அங்கே மூன்று அறைகளில் மாட்டப்பட்டுள்ளன. முதல் அறையில் கல்யாணம், கடற்கரை, கடைத்திறப்பு. நடு அறையில் உடைக்கப்பட்ட கடைக் கண்ணாடிகளும், அதே மனிதர்கள் மேற்சட்டையில் மஞ்சள் நட்சத்திர அடையாளம் தைத்து நடக்கும் தெருக்களும். கடைசி அறையில் புகையிரத மேடையும், அதற்கு அப்பால் நிகழ்ந்தவையும்.

அறைப் பங்கீடு

ஓய்வூதியம் பெறத் தொடங்கிய பின் நான் இவ்வேலையில் சேர்ந்தேன். எனக்கு முன்பே அங்கிருந்தவர் மொனிக்கா என்னும் அம்மையார். ஏறக்குறைய என் வயதினர். காலையில் ஒருவர் முதல் அறையிலும் மற்றவர் கடைசி அறையிலும் நின்று, மதியத்தில் இடம் மாறவேண்டும் என்பது ஒழுங்கு. கடைசி அறையில் நின்ற நாளில் தமக்கு மதிய உணவு இறங்குவதில்லை என்று அவர் முதல்நாளே சொல்லிவிட்டார். அந்த அறையை நாள் முழுவதும் நானே ஏற்றுக்கொண்டேன். என் நெற்றியிலிருந்த திருநீற்றைச் சற்றே உற்றுப் பார்த்தவர், எள்ளளவும் வஞ்சமின்றிச் சொன்னார்: "நீங்கள் கும்பிடுகிற மனிதர். கடைசி அறை உங்களை ஒன்றும் செய்யாது."

நில்லாது போவோர்

முதல் அறையில் பார்வையாளர்கள் நெடுநேரம் நிற்பார்கள். தொப்பிகளைக் கண்டு வியப்பார்கள். குழந்தைகளைக் கண்டு புன்னகைப்பார்கள். கடைசி அறைக்குள் வந்ததும் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு படங்களை, பிறகு வெளியேறும் வழியை. அவர்களைக் குறைகூற மாட்டேன். சம்பளம் இல்லாவிடின் நானும் அப்படியே சென்றிருப்பேன்.

காலையில் விளக்குகளை ஏற்றும்போது ஒவ்வொரு படத்தின் கீழுமுள்ள பெயரை வாய்விட்டுப் படிப்பது எனக்கு வழக்கமாயிற்று. கோயிற் பிரகாரத்தில் அடியார் வரிசையைப் பெயர் சொல்லித் தொழுது பழகிய நாவு. வேறொன்றும் அதற்குத் தெரியாது. சில நாட்களில் அந்தப் பெயர்களுக்குப் பின் மாலைவரை வேறு சொல் எதுவும் என் வாயிலிருந்து வருவதில்லை. ஒருநாள் நல்ல மனமுடைய பெண்மணி ஒருவர், சுவர்களில் நெருங்கி நின்ற அத்தனை முகங்களுக்கும் நடுவே என்னிடம் வந்து கேட்டார்: "நாள் முழுவதும் இங்கே தனியாகவா இருக்கிறீர்கள்?"

மாலை வெயில்

முதல் அறையில் ஒரு படம் உண்டு. யூலியுஸ் என்பவரும், அவர் மனைவி ரோசாவும், சிறுமியான மகள் ஹன்னாவும் தங்கள் வீட்டு மாடி முகப்பில் வெயிலில் அமர்ந்து கோப்பி அருந்துகிறார்கள். ஹன்னாவின் மேலுதட்டில் பால் ஒட்டியிருக்கிறது. அதே மூவர் கடைசி அறையிலும் இருக்கிறார்கள். அங்கே மேடையில் மூட்டைகளோடு நின்று நேராகப் பார்க்கிறார்கள். படம்பிடித்தவன் பார்க்கச் சொல்லியிருக்கிறான். அவர்களுடைய படங்களில் அதற்குப் பின் எதுவுமில்லை.

மொனிக்கா விடுமுறையில் இருந்த வாரம் நான் முதல் அறையில் நின்றேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கோப்பிப் படத்தின் முன் வந்தவர், நகரவேயில்லை. கைப்பேசியை எடுத்து எதையோ தேடினார், படத்திலிருந்த மாடி முகப்பின் இரும்புக் கம்பிவேலியோடு அதை ஒப்பிட்டார், மீண்டும் ஒப்பிட்டார். பின்பு, யாரிடமேனும் சொல்லியாக வேண்டும் என்பதுபோல் என்னிடம் வந்தார். அது அவர் குடியிருக்கும் வீடாம். வாடகைக்கு எடுத்து ஏழெட்டு ஆண்டுகளாயிற்றாம். அவர் மேலும் ஏதோ கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் படத்தையே பார்த்தபடி சொன்னார்: "மாலையில்தான் அங்கே வெயில் வரும். இவர்களுக்கும் அப்போதுதான் வந்திருக்கிறது."

ஆடி அமாவாசை

எசனில் ஒரு பழைய பண்டகசாலைக்குள் அமைந்திருப்பது எங்கள் கோயில். வெள்ளி மாலைகளில் அங்கே புராண படனம் நடைபெறும். ஒருவர் பாடலைப் படிக்க, நான் அதன் பொருளை விரித்துப் பயன் சொல்வேன். மனைவி காலமான பின்னர் என்னை எவரேனும் எதிர்பார்க்கும் மாலை வாரத்தில் அது ஒன்றே.

ஆடி அமாவாசையன்று இறந்தோருக்கான மோட்ச அர்ச்சனைக்கு வரிசையில் நின்றேன். ஐயர் பெயர் கேட்டார். தகப்பனார் பெயரைச் சொன்னேன். தாயார், மனைவி பெயர்களையும் சொன்னேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். காலைதோறும் ஓடிய தடத்திலேயே ஓடிப் பழகிய நாவு, யூலியுஸ், ரோசா, ஹன்னா என்று தொடர்ந்து போயிற்று. ஐயர் கண்ணைத் திறந்து, இவர்கள் யார், எந்த ஊரவர் என்று வினவினார். பக்கத்து ஊர்தான் என்றேன். எனக்குப் பின்னால் வரிசை கதவுக்கு வெளியே நீண்டிருந்தது. ஐயர் பூவை எடுத்தார்: "பக்கத்து ஊரெண்டால் எங்கடை ஆக்கள்தானே. அடுத்த பேரைச் சொல்லுங்கோ."

மணியத்தாரின் கேள்வி

வரிசையில் நின்றவர்களுக்குச் செவிகள் இருந்தன. இரண்டு வெள்ளிக்கிழமைகளுக்குள் செய்தி கோயிலை நிர்வகிக்கும் மணியத்தாரை எட்டியது. அவர் என்னைச் செருப்பு வைக்கும் இடத்துக்கு அழைத்துச்சென்று, குரலைத் தாழ்த்திப் பேசினார். நாள் முழுவதும் செத்தவர்களின் படங்களோடு இருந்துவிட்டு, தலை முழுகாமல் நேரே வந்து சந்நிதியில் பயன் சொல்கிறேன் என்று சிலர் மனங்குழம்புகிறார்களாம். வேலை முடிந்து வீடுசென்று முழுகி வந்தால் படனம் முடிந்துவிடும் என்றேன். ஒன்றில் வேலையை விடவேண்டும், அல்லது பயன் சொல்வதை விடவேண்டும் என்பது அவர் தீர்ப்பு.

சாவுத் தீட்டாகிய துடக்கு உறவினருக்கே உரியது, அவர்கள் எனக்கு உறவினர் அல்லர் என்று நூல்முறைப்படி எடுத்துரைத்தேன். மணியத்தார் அதிகம் படித்தவரல்லர் என்று எண்ணியிருந்தேன். அவர் தலையைச் சொறிந்தபடி கேட்டார்: "சொந்தமில்லையெண்டு சொல்லுறியள். பிறகேன் அண்ணை அவையின்ரை பேரை அமாவாசைக்குக் குடுத்தனீங்கள்?"

முற்றத்தில் தண்ணீர்

அந்தக் கேள்வியோடு அடுத்துவந்த வெள்ளி மாலைகளில் வீட்டிலேயே இருந்தேன். புராணத்தை விரித்துவைத்துச் சுவருக்குப் பயன் சொன்னேன். சுவர் நன்றாகவே கேட்டது.

அப்போது அர்ஜென்டினாவிலிருந்து ஒரு முதியவர் கூடத்துக்கு வந்தார். தாயாரிடம் கற்ற பழைய ஜெர்மன் மொழியைத் தயங்கித் தயங்கிப் பேசினார். அவருடைய தாயார் ரோசாவின் தங்கை. காலத்தோடு கப்பலேறித் தப்பியவர். மேடைப் படத்தின் முன் அவர் நெடுநேரம் நின்றார். வெளியே போகும்போது என்னிடம் தண்ணீர் கேட்டார், குடிப்பதற்கன்று. முற்றத்தில் என் போத்தலிலிருந்து நான் ஊற்ற, கைகளை மாற்றி மாற்றி நனைத்துக்கொண்டார். நான் கொடுத்த துணியை வாங்கவில்லை. இறந்தோரிடமிருந்து வந்தால் வீட்டுக்குள் நுழையுமுன் கைகழுவுவது தங்கள் முறை என்றார். நாங்கள் தலையிலிருந்தே தொடங்குவோம் என்றேன். சிரித்தார்.

அச்சிரிப்பு தந்த துணிவில் அமாவாசைச் செய்தியையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பு நின்றது. தங்களைக் கேளாமல் தங்கள் இறந்தோருக்கு அயலார் சடங்கு செய்வதை அவர்கள் விரும்புவதில்லை என்பதை அந்த முகத்திலேயே அறிந்துகொண்டேன். கைகளிலிருந்து நீர் சொட்டி ஓய்ந்த பின் சொன்னார்: "அவர்களைக் கேளாமல் அவர்களுக்குச் செய்யப்பட்டவற்றுள் உங்களுடையதுதான் மிகச் சிறியது. என் தாயாரின் பெயரை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அவருக்கு நான் இருக்கிறேன்."

முழுக்கு

அடுத்த வெள்ளி விடுப்பெடுத்துக் கோயிலுக்குப் போனேன். மணியத்தாரிடம் அவருடைய கேள்விக்கு விடை கொண்டுவந்திருப்பதாகச் சொன்னேன்: ஓம், சொந்தந்தான். ஆகவே எனக்குத் துடக்கு உண்டு. நாள்தோறும் அவர்களிடமே போவதால் அது ஒருநாளும் கழியாது. பயன் சொல்ல வேறொருவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மணியத்தார் இதை எதிர்பார்க்கவில்லை. என் இடத்தில் பயன் சொன்ன அன்பர் அதற்குள் பாதிச் சபையை உறங்கவைத்திருந்தார் என்பது வேறு. மணியத்தார் ஐயரை அழைத்துவந்தார். எவ்வளவு காலத்துச் சாவு என்று ஐயர் கேட்டார். எண்பது ஆண்டுகளுக்கு மேல் என்றேன். ஆண்டு கழிந்து கேள்விப்பட்ட சாவுக்குத் துடக்குக் காத்தல் வேண்டா, கேட்டவுடன் முழுகினால் போதும் என்று அவர் விதி சொன்னார். நான் அறியாத விதியன்று. ஆனால் காலையில் விளக்கைப் போடும்போதெல்லாம் அதை நான் புதிதாகவே கேள்விப்படுகிறேன் என்றேன். ஐயர் இடுப்பிலிருந்த சாவிக் கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றி என் கையில் வைத்தார்: "அப்ப ஒவ்வொரு நாளும் முழுகுங்கோ அண்ணை. வெள்ளியிலை இஞ்சை வந்து முழுகலாம், பின்பக்கம் குழாய் கிடக்கு. சுடுதண்ணிதான் வராது."

இந்நாட்டில் உறவினர் உண்டா என்று எந்த அலுவலகத்தில் கேட்டாலும் இல்லை என்றே சொல்லிவந்த நான், இப்போது மார்கழிக் குளிரிலும் ஈரத் தலையோடு பயன் சொல்லும் அளவுக்கு உறவுடையவனாகிவிட்டேன். என் பக்கத்துப் பாயில் மட்டும் இன்னும் எவரும் உட்காருவதில்லை.