கடைசி அட்டையில் ஒரு பெயர்

கிரிசாந்தோ கட்டிய பெட்டி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதெல்லாம் பொய். உள்ளே இருந்த போர்டு, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த கில்மோர் தெருவில் தள்ளுபடியில் வாங்கியது. பவர் சப்ளை, மூடிப்போன ஒரு இன்டர்நெட் கடையிலிருந்து கழற்றியது. கிராபிக்ஸ் கார்டு, கேம் ஆடி அலுத்துப்போன ஒரு கல்லூரி மாணவன் விற்றது. ஆனால் திரையின் மூலையில் சொடுக்கி விவரம் கேட்டால், நான் அசல் மேக் என்று கூசாமல் சொல்லும். அப்படிச் சொல்ல அதற்குக் கற்றுக்கொடுத்தவன் கிரிசாந்தோதான்.

கில்மோரில் ஒரு மாடிக் கடையில் பதினோரு வருடம் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்தவன் அவன். அதிகம் பேசமாட்டான். திருகாணி கீழே விழுந்தால் அந்தச் சத்தத்தை வைத்தே எந்த அளவு என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த சிநேகிதன் நோலி எவாஞ்செலியோ. கல்லூரியில் ஒரே வாடகை அறை. நோலிக்கு வாய்தான் மூலதனம். கல்யாண வீடியோ எடுக்க ஆரம்பித்ததும் நேரே கிரிசாந்தோவிடம் வந்து, பரே, அதாவது மச்சான், என்று தோளில் கை போட்டான்.

"பரே, எனக்கு மேக் வேணும். வாங்குற வக்கு இல்ல. நீ ஒண்ணு செஞ்சு குடு."

மேக் செய்கிற கம்பெனியின் ஓஎஸ் அந்தக் கம்பெனி மெஷினில்தான் ஓடும். வேறு மெஷினில் ஓடவைக்க வேண்டுமென்றால், அது ஏமாறும்படி ஒவ்வொரு இடத்திலும் பொய்த் தகவல் எழுதி வைக்க வேண்டும். ஒன்பது நாள் ஆனது. முதலில் பாதி வழியில் நின்றது. பிறகு ஓடியது, சத்தம் வரவில்லை. சத்தம் வந்தது, தூங்கப் போட்டால் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது யூஎஸ்பி செத்திருந்தது. ஒன்பதாம் நாள் எல்லாம் சரியானபோது நோலி துள்ளிக் குதித்து, உள்ளே இருந்த டிஸ்கிற்குத் தானே ஒரு பெயர் வைத்தான்: 'கிரிஸ்நோலி'. பெட்டியின் பக்கவாட்டில் பழச் சின்னம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றையும் ஒட்டினான். அது கிரிசாந்தோவுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டே இரண்டு விஷயங்களைத்தான் கறாராகச் சொன்னான். அப்டேட் என்று எது வந்தாலும் அழுத்தாதே. இரண்டாவது டிஸ்கைத் தொடாதே, அதில் முழு நகல் இருக்கிறது, முதல் டிஸ்க் கெட்டால் அதுதான் உயிர்.

கிரிசாந்தோவின் ஊரில் கல்யாணம் என்றால், காலையில் மணப்பெண் தலை பின்னுவதில் தொடங்கி சர்ச்சில் மோதிரம் மாற்றுவது வரை எடுத்ததை எல்லாம் வெட்டி ஒட்டி, அன்று இரவு விருந்திலேயே படமாக ஓட்டிக் காட்ட வேண்டும். பணம் இருக்கிற வீட்டுக்காரர்கள் இது இல்லாமல் கல்யாணம் செய்வதில்லை. ஹோட்டல் அறையில் பெட்டியை வைத்து எடிட் செய்பவள் மாரிவிக். குயா, குயா என்று கிரிசாந்தோவிடம் அண்ணன் முறை கொண்டாடுபவள். நாக்கு மட்டும் கத்தி. பெட்டி முரண்டு பிடித்தால் சரிசெய்யக் கிரிசாந்தோ. நான்கு வருடம், ஒவ்வொரு சனிக்கிழமையும், டிரைவர்களோடு உட்கார்ந்து தெர்மோகோல் டப்பாவில் வரும் ஆறிப்போன சோறும் கோழித்துண்டும் தின்றுகொண்டு காத்திருந்தான். படம் முடிந்ததும் கடைசியில் வரும் அட்டையில் ஒரே பெயர்தான் இருக்கும், நோலியின் பெயர்.

அந்தப் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயர் வர வேண்டும் என்பது கிரிசாந்தோவின் ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், இதையெல்லாம் அவன் வாயாலேயே கேட்ட எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. 2018 டிசம்பரில், தகாய்தாய் மலைமேல் ஒரு பெரிய வக்கீல் வீட்டுக் கல்யாணம் வந்தபோது நோலியே வாக்குக் கொடுத்தான்.

"இந்தப் படத்துலேர்ந்து ரெண்டு பேரும் போடுறோம் பரே. அடுத்த வாரம் கம்பெனியையும் ரெண்டு பேர் பேர்லயும் பதிஞ்சிடலாம். எத்தன நாளைக்கு நீ அந்தக் கடையில குப்ப கொட்டுவ?"

அதை நம்பி வெள்ளிக்கிழமை கடை வேலையை விட்டான் கிரிசாந்தோ. சனிக்கிழமை கல்யாணம்.

மத்தியானம் ஒன்றே காலுக்கு, டப்பாச் சோற்றை அவன் பிரிக்கும் நேரம், மாரிவிக் போன் செய்தாள்.

"குயா, சீக்கிரம் மேல வாங்க. உங்க நோலி மகராசன் கை வெச்சுட்டாரு."

அறைக்குள் போனபோது திரை வெளிறிக் கிடந்தது. திரையில் ஒரு ஜன்னலை நகர்த்தினால் துண்டு துண்டாக இழுபட்டது. எடிட் செய்யும் புரோகிராம் திறக்கவே மறுத்தது.

"அப்டேட்டா?"

"நான் பாத்ரூம் போயிருந்தேன். மூலையில அறிவிப்பு வந்து வந்து நிக்குதுன்னு எரிச்சல்ல அழுத்திட்டாராம். பாதுகாப்பு அப்டேட்தானே, நல்லதுதானேன்னு கேக்குறாரு."

அசல் மேக் வைத்திருப்பவன் அழுத்தினால் ஒன்றும் ஆகாது. இந்தப் பெட்டியில் கிராபிக்ஸ் கார்டை ஓட்டுகிற டிரைவர், சிஸ்டத்தின் ஒரே ஒரு பதிப்பு எண்ணுக்கு மட்டும் கட்டுப்பட்டது. அப்டேட் அந்த எண்ணை மாற்றிவிட்டது. டிரைவர் இது என் வீடு இல்லை என்று ஒதுங்கிக்கொண்டது. புது டிரைவர் வர இரண்டு மூன்று நாள் ஆகும். படம் இரவு எட்டு மணிக்கு ஓட வேண்டும்.

"நகல் டிஸ்க்கைப் போடு."

மாரிவிக் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "நகல அழிச்சுட்டு அதுல போன வாரம் எடுத்த படத்தக் கொட்டிட்டாரு குயா. இடம் பத்தலையாம்."

அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று கிரிசாந்தோவுக்கு ஒரு நிமிடம் தோன்றியிருக்கிறது. பிறகு அவனே என்னிடம் சொன்னான், கடைசி அட்டை நினைவு வந்தது என்று. உட்கார்ந்தான். டிரைவரின் உள்ளே, அது எந்த எண்ணை எதிர்பார்க்கிறது என்று எழுதியிருக்கும் ஒரு கோப்பு உண்டு. அதைத் திறந்து பழைய எண்ணை அழித்துப் புது எண்ணை எழுதினான். பெட்டியிடம் சொல்லும் இன்னொரு பொய். அணைத்துப் போட்டான். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் சரசரவென்று ஓடிப் பாதியில் நின்றன. மாற்றிய கோப்புக்கான அனுமதியைச் சரிசெய்ய மறந்திருந்தான். யூஎஸ்பி குச்சியைச் செருகி மறுபடி கிளப்பினான். எந்த டிஸ்கிலிருந்து தொடங்க என்று பெட்டி பட்டியல் காட்டியது.

பட்டியலில் 'கிரிஸ்நோலி' இல்லை. 'நோலி பிலிம்ஸ்' என்று இருந்தது.

"இத எப்ப மாத்துனான்?"

"எது குயா?"

"ஒண்ணுமில்ல."

அதைத் தேர்ந்தெடுத்துத் தட்டினான். வெள்ளை வரிகள் மறுபடி ஓட ஆரம்பித்தபோதுதான் கதவு திறந்தது. மணப்பெண்ணின் அப்பா, அட்டர்னி வில்யரோமன், நெஞ்சில் பூவேலை செய்த பரோங் சட்டையில். பின்னால் சிரித்துக்கொண்டே நோலி, இங்கதான் எல்லாம் நடக்குது அட்டர்னி என்று வழிகாட்டியபடி. பெட்டியின் பக்கக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே வயர்கள். கழற்றிய கதவு கட்டிலில் மல்லாந்து, பழச் சின்னம் மேலே தெரியக் கிடந்தது.

அட்டர்னி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "என்ன இது? எல்லாமே அசல் மேக்குலதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தியே நோலி. நான் வக்கீல்ப்பா. எங்கிட்டயே போலிய ஓட்டுறியா?"

நோலியின் சிரிப்பு அப்படியே உறைந்தது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிறகு அவன் கிரிசாந்தோ பக்கம் திரும்பினான்.

"ஏய், என்னடா இது? என்னோட மெஷின் சர்வீஸுக்குப் போயிருக்குன்னு சொன்னப்ப, அசலக் கொண்டு வரேன்னுதானே சொன்ன? இந்தக் குப்பையவா தூக்கிட்டு வந்த? மன்னிச்சுக்குங்க அட்டர்னி, வெளி ஆளு. இவன நம்பி மோசம் போனேன்."

மாரிவிக் வாயைத் திறந்தாள். கிரிசாந்தோ அவள் கையை மேசைக்கடியில் அழுத்தினான்.

"ஆமா சார். எம் மேலதான் தப்பு. நான்தான் கொண்டு வந்தேன்."

அட்டர்னி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மகனே என்கிற முறையில் கேட்டார். "படம் வருமா வராதா, ஈஹோ?"

"வரும் சார்."

அனுமதியையும் சரிசெய்தபின், மூன்றேகாலுக்குப் பெட்டி வழிக்கு வந்தது. திரை பளிச்சென்று விரிந்தது, மாரிவிக் வேலையில் இறங்கினாள். பலியாடு மாதிரி ஏன் தலையை நீட்டினாய் என்று நான் பிற்பாடு கேட்டேன். அந்த நேரத்தில் நோலி போயிருந்தால் கல்யாணமே போயிருக்கும், கம்பெனியும் போயிருக்கும், ரெண்டு பேர் கம்பெனிதானே என்று சொன்னான். இத்தனை கெட்டிக்காரனுக்கு இவ்வளவு முட்டாள்தனமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

ஏழேகால் தாண்டித்தான் படம் தயாரானது. மாரிவிக் கடைசி அட்டையை அவனுக்கென்றே ஒருமுறை ஓட்டிக் காட்டினாள். கறுப்பில் வெள்ளை எழுத்து: நோலி எவாஞ்செலியோ, கிரிசாந்தோ டிமாகுலங்கான். அவன் அதை இரண்டு முறை பார்த்தான்.

போன் அடித்தது. மாரிவிக் ஸ்பீக்கரில் போட்டாள். மண்டபத்துச் சத்தத்துக்கு நடுவே நோலி.

"மாரிவிக், அட்டையில கிரிஸ் பேர எடுத்துடு. அட்டர்னி முன் வரிசையில உக்காந்திருக்காரு. போலியக் கொண்டு வந்தவன் பேரு எங் கம்பெனி அட்டையில எப்படி வரும்? காறித் துப்பிடுவாரு. அவங்கிட்ட நான் அப்புறம் பேசிக்கிறேன்."

"குயா இங்கதான் இருக்காரு. நீங்களே சொல்லுங்க."

நோலி குரலைத் தாழ்த்தினான். "பரே... நிலைமை உனக்கே தெரியும்."

மாரிவிக் போனைக் கட்டிலில் எறிந்தாள். "நான் எடுக்க மாட்டேன். எடுக்கணும்னா அந்த ஆளே வந்து எடுக்கட்டும்."

முடிந்த படத்தை ஓட்டிக் காட்டுகிற கோப்பாக வெளியே எழுத இருபது நிமிடம் வேண்டும். மிச்சமிருந்த நேரம் அரைமணி. கிரிசாந்தோ நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் பெயரின் கடைசி எழுத்துக்குப் பின்னால் சொடுக்கி, ஒவ்வொரு எழுத்தாகப் பின்னோக்கி அழித்தான். நோலி பெயருக்குப் பின்னால் காற்புள்ளி ஒன்று தொங்கியது. அதையும் துடைத்துவிட்டு, எழுதச் சொல்லிப் பொத்தானைத் தட்டினான்.

கீழே படம் ஓடியபோது மணப்பெண் அழுதாள். அட்டர்னியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். கிரிசாந்தோ பஸ் ஏறியிருந்தான்.

நோலி அப்புறம் பேசவில்லை. அடுத்த வாரமும் பதியவில்லை, அதற்கடுத்த வாரமும் பதியவில்லை. பழைய கடையில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே, பிரின்டருக்கு மை நிரப்பும் கடையில் நின்றான். விரல் நகமெல்லாம் நீலம். மாரிவிக் வேறு குழுவுக்குப் போய்விட்டாள். பெட்டி நோலியிடமே இருந்தது.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை செய்தி வந்தது. நலமா என்றுகூட இல்லை.

"பரே, அப்டேட் ஒண்ணு வந்து நிக்குது. சனிக்கிழம கல்யாணம் இருக்கு. அழுத்தலாமா?"

கிரிசாந்தோ மை படிந்த விரலால் பதில் அடித்தான். "தாராளமா அழுத்து."

அனுப்பியும் விட்டான். அதில் அவனுக்கு எத்தனை சந்தோஷம் என்று மறைக்காமல் சொன்னான். வியாழக்கிழமை முழுக்க மனதுக்குள் சிரித்தானாம். வெள்ளிக்கிழமை, யாரோ முகம் தெரியாத ஒரு மணப்பெண் தலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி நினைப்பு வந்து சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை காலையில் யூஎஸ்பி குச்சி, ஸ்க்ரூடிரைவர், புது டிரைவர் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். போனை மை டப்பாக்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்தான். ஒரு மணி ஆனது. மூன்று ஆனது. கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தான். கூப்பிட்டதும் என்ன திட்ட வேண்டும் என்பதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். கடை சாத்தும் வரை போன் அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நோலி அந்தப் படத்தை முகநூலில் போட்டிருந்தான். கிரிசாந்தோ முழுதும் பார்த்தான். ஒரு இடத்திலும் திக்கவில்லை, நிறம் மாறவில்லை. பெட்டியை எவனோ நன்றாகவே சரிசெய்திருந்தான். கடைசியில் அட்டை வந்தது. நோலி எவாஞ்செலியோ. அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், தொழில்நுட்பம் என்று போட்டு இன்னொரு பெயர். யார் என்று கிரிசாந்தோவுக்குத் தெரியாது. கேள்விப்பட்டதே இல்லாத பெயர்.