டோக்கனைக் கொடுத்துவிடும் பாஸ்டர்

சுங்குவார்சத்திரத்தில் எங்கள் சபை பாஸ்டர், கம்பெனியில் வேலை செய்கிற எங்களுக்காக ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்கு ஒன்றாக மூன்று ஆராதனை நடத்துவார். பெருத்த உடம்பு, முழுக்கை வெள்ளைச் சட்டை, சர்க்கரை வியாதி. நாற்காலி அடுக்குவதைக்கூட யாரிடமும் விடமாட்டார். காலில் புண் வந்து ஒரு மாதமாக ஆறவில்லை.

நான்தான் திட்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். அவருக்கு டோக்கன் நம்பர் நாலு. பக்கத்தில் இருந்தவரிடம், "இன்னா நைனா கஷ்டம்?" என்று கேட்டு ஜெபம் பண்ணினார். பிறகு தன் டோக்கனை அவருக்குக் கொடுத்து, அவருடைய பதினொன்றை வாங்கிக்கொண்டார். அடுத்தவரிடமும் அதே கதை. முப்பத்தெட்டில் வந்து நின்றது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கம்பெனி லைன்ல ஒருத்தன் லீவு போட்டா அவன் எடத்துக்கு ரிலீவர் வரான். உங்களுக்கு ஏன் பாஸ்டர் ஆள் இல்ல?"

"ஆண்டவருக்கு ரிலீவர் கீறாரா, பிரதர்?"

"நீங்க ஆண்டவர் இல்ல!"

"அது எனக்குத் தெரியும். சபைக்குத் தெரியலையே" என்று சிரித்தார்.

கடைசியில் டாக்டர் புண்ணைப் பார்த்தார். பத்து நாள் கால் தரையில் படக் கூடாது, பட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். பாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை யார் பேசுறது?" என்றேன்.

"நீங்கதான்."

"எனக்குத் திட்டத்தான் தெரியும்."

"திட்டுங்க."

மூன்று ஷிப்டையும் நிற்க வைத்துத் திட்டினேன். ஒரு மனுஷனைக் கால் அழுகும்வரை வேலை வாங்கினீர்களே, வெட்கமில்லையா என்று கேட்டேன். மூன்று முறையும் சனம் கையைத் தூக்கி "ஆமென்" என்றது. விரல் பிழைத்தது. சபை திருந்தவா, நான் திருந்தவா, எதற்காக அவர் என்னைப் பேச வைத்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.