துருத்தியில் பூசிய பால்

மலேசியாவில் பெடாஸ் ஊர்ப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்து மாதா கோவிலை இடித்துவிட்டார்கள். அது போகட்டும். தோட்டத்தையே விற்றுத் தாமான் என்று வரிசை வீடுகள் கட்டுகிறவர்கள் கோவிலை மட்டும் விட்டுவைப்பார்களா? என் வயிற்றெரிச்சல் எல்லாம் உள்ளே இருந்த குழல் ஆர்கனைப் பற்றித்தான்.

அது ஒரு வெள்ளைக்காரத் துரை தம் மனைவியின் ஞாபகமாகக் கப்பலில் வரவழைத்தது. ஈயக் குழல்கள் வரிசையாக நிற்கும். பின்னால் ஒரு மரக் கைப்பிடி. அதை அமுக்கினால் தோல் துருத்தி குழல்களுக்குக் காற்று ஊதும். வாரம் முழுக்கப் பால்மரம் சீவிய கையோடு ஞாயிறு பூசையில் அதை அமுக்கியவர் என் அப்பா. முன்னால் உட்கார்ந்து வாசித்தது நான்.

ஒரு வருடம் துருத்தித் தோல் வெடித்தது. பழுதுபார்க்க ஆள் ஏது? கூரையோ செருப்போ, எது ஓட்டையானாலும் தோட்டத்தில் கித்தா மரத்து ரப்பர் பாலைத்தான் பூசுவோம். அப்பா பழைய வேட்டித் துணியில் பாலைத் தடவித் தோலில் ஒட்டினார். எனக்கு அப்போது பாலை உறையவைக்கும் ஸ்டோரில் வேலை. சீக்கிரம் உறையட்டும் என்று அங்கிருந்து ஒரு போத்தல் ஆசிட் கொண்டுவந்து கொடுத்தேன். ஆர்கன் மறுபடி பாடியது. ஃபாதர் பூசையிலேயே அப்பாவுக்கு நன்றி சொன்னார். அன்றைக்கு அப்பா நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொரு திருவிழாவுக்கு முன்னும் பூசினோம். குழல்கள் ஒவ்வொன்றாக ஊமையாயின. காற்றுதான் எங்கோ ஒழுகுகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பால், இன்னும் கொஞ்சம் ஆசிட். ஆர்கன் பெட்டியைத் திறந்தால் மூக்கு எரியும். கித்தா மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகும் அப்பா பகாவ் வரை போய்ப் பால் வாங்கிவந்தார். எங்கள் புத்தியை என்ன சொல்ல.

கோவிலை மூடப்போகிற மாதம், பழுதுபார்க்க முடிந்தால் ஆர்கனை எடுத்துக்கொள்கிறோம் என்றது பட்டணத்துக் கோவில் ஒன்று. கோலாலம்பூரிலிருந்து ஆர்கன் தெரிந்த சீனர் ஒருவர் பார்க்க வந்தார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எனக்கு முன்பே போய் நின்றார். கோவில் போனாலும் ஆர்கன் எங்கேயாவது பாட வேண்டும். அவருக்கு அது ஒன்றுதான் ஆசை.

சீனர் ஒரு குழலை உருவினார். அதன் அடிப்பகுதி வெள்ளை மாவாகக் கையில் உதிர்ந்தது. அடுத்ததும் அப்படியே. என்ன பூசினீர்கள் என்று மலாயில் கேட்டார். அப்பா பாலும் ஆசிட்டும் பூசியதைப் பெருமையாகச் சொன்னார். சீனர் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டார். பிறகு, அந்த ஆசிட்டின் புகைதான் ஈயத்தைத் தின்றிருக்கிறது, ஒரு குழலும் தேறாது என்றார். புதுத் தோல் போட்டிருந்தால் போதுமாம்.

அப்பாவுக்கு மலாய் நன்றாகவே தெரியும்.

"அப்ப நாந்தானா கொன்னது?" என்று என்னிடம் கேட்டார்.

பிறகு ஆர்கனுக்குப் பின்னால் போய்க் கைப்பிடியை அமுக்கினார். நான் கட்டைகளை அழுத்தினேன். வெறும் மூச்சு வந்தது. நாங்கள் போட்ட ஒட்டு மட்டும் துளிகூட ஒழுகவில்லை.

அப்பா இப்போது எந்தக் கோவிலுக்கும் வருவதில்லை. ஆசிட் கொண்டுவந்தவள் நான் என்று அன்றைக்கு அவர் சீனரிடம் சொல்லவில்லை. இன்றுவரை என்னிடமும் சொல்லிக்காட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.