நாற்பத்து நான்கு மில்லிமீட்டர்

2024 ஜனவரி 9, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மூடுபனி. பால்கனியில் மாட்டியிருக்கும் வெப்பமானி எட்டு டிகிரி காட்டியது. எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியில் உள்ள ஒன்பது தண்ணீர்த் தொட்டிகளில் நான்குதான் கண்ணுக்குத் தெரிந்தன. தில்லி மயூர் விஹாரில் எங்கள் தரைத்தள வீட்டுக்கு மாடுலர் கிச்சன் பொருத்த ஆட்கள் வந்தது அப்போதுதான். ஒரு மேற்பார்வையாளர், இரண்டு மிஸ்திரிகள், பதினொரு அட்டைப்பெட்டிகள். ரசீதிலும் பதினொன்று. மறுபடி எண்ணினேன், அப்போதும் பதினொன்றுதான் வந்தது. ஆனாலும் மனம் சரியாக இல்லை.

"வாரத்துல எத்தனை கிழமை இருக்கு. செவ்வாயா பாத்து வந்திருக்கான்," என்றாள் என் மனைவி.

"சனிக்கிழமை வரேன்னான். மூணு நாள் கழிச்சாவது வந்தானே."

பழைய சமையல் மேடையை இடித்து ஆறு நாள் ஆகியிருந்தது. அந்த ஆறு நாளும் பால்கனியில் ஒற்றை மின்னடுப்பை வைத்து, ஸ்வெட்டரும் சால்வையுமாக அவள் சமைத்துக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

எங்கள் சமையலறைத் தரையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அது கோணல்தான். வேண்டுமென்றே கோணலாகப் போட்டது. சொசைட்டி கட்டிய காலத்தில் என் மனைவி கொத்தனார் பக்கத்திலேயே நின்று, சமையலறை வாசலிலிருந்து ஜன்னல் மூலை வரை சரிவு கொடுக்க வைத்தாள். அந்த மூலையில் தண்ணீர் போக ஒரு துளையும் அதன்மேல் ஜாலி என்கிற சல்லடை மூடியும் உண்டு. தினமும் சமையல் முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரை வாசலில் ஊற்றி, வாரியலால் தள்ளிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து மீன் வந்தால் இரண்டு வாளி. கழுவாத சமையலறையில் அவளுக்கு மறுநாள் அடுப்புப் பற்றவைக்கக் கை வராது. எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோரும் அப்படித்தான். இந்த ஊரில் துணியை நனைத்துத் துடைப்பதோடு சரி.

மிஸ்திரிகள் ஜன்னல் மூலையிலிருந்து ஆரம்பித்தார்கள். மொத்தம் ஐந்து அலமாரிகள், ஒவ்வொன்றுக்கும் திருகிக் கூட்டிக் குறைக்கும்படி நான்கு பிளாஸ்டிக் கால்கள். முதல் அலமாரி உட்கார்ந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் உட்கார்ந்தன. நான்காவதற்கு வந்தபோது ஒரு மிஸ்திரி தலையைச் சொறிந்தார். ஐந்தாவதன் கால்களை முழுக்கத் திருகி உள்ளே தள்ளியும் அது மற்றவற்றைவிட ஒரு விரற்கடை உயர்ந்து நின்றது.

மேற்பார்வையாளர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவர் பேசியது இந்தி. "அங்கிள்ஜி, தரை முழுக்கக் கோணல். இதில் நிற்காது. சிமென்ட் போட்டுச் சமமாக்க வேண்டும். பதினெட்டாயிரம் ஆகும். காய ஒரு வாரம். அந்த ஜாலியையும் மூடிவிடுவோம்."

"ஜாலியை மூடினால் தண்ணீர்?"

"மாடுலர் கிச்சனில் தண்ணீரே கிடையாது. போச்சா, ஈரத்துணி போட்டுத் துடைத்தால் போதும். ஆன்ட்டிஜிக்கும் வேலை மிச்சம்."

என் மனைவிக்கு அவளுக்கென்று ஓர் இந்தி உண்டு. "பையா, ராத்திரி மே ஏக் வாளி பானி ஊத்துவேன். ஓ பானி கிதர் ஜாயேகா?" அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்கிறாள்.

"ஊற்றவே வேண்டாம், ஆன்ட்டிஜி."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஊத்த வேண்டாமாம். இவன் வீட்டுல மீனே வறுக்கதில்ல போல." பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தாங்க, தரையில சிமென்ட் விழுந்துச்சுன்னா நான் பால்கனியிலேயே இருந்துக்கிடுதேன். இந்தப் பெட்டியெல்லாம் நீங்க வச்சு அழகு பாருங்க," என்றாள்.

அவள் சொன்னால் செய்வாள். ஜனவரிக் குளிரில் ஆறு நாள் செய்து காட்டியும் இருக்கிறாள். நான் மேற்பார்வையாளரிடம் ஒன்றரை மணி வரை அவகாசம் கேட்டேன். சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லி மூவரும் போனார்கள்.

குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு தெருமுனை ஹார்டுவேர் கடைக்குப் போய், உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஐந்து மீட்டர் வாங்கி வந்தேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் முறைதான். குழாயில் தண்ணீரை நிரப்பி இரண்டு முனைகளையும் தூக்கிப் பிடித்தால், இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதிலிருந்து தரை எங்கே எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்துவிடலாம். ஆனால் அந்த மங்கல் வெளிச்சத்தில் தண்ணீர் நிற்கும் இடம் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

"தள்ளுங்க," என்று குழாயை வாங்கிப்போனாள் என் மனைவி. திரும்பி வந்தபோது உள்ளே தண்ணீர் மஞ்சளாக இருந்தது. அரை ஸ்பூன் மஞ்சள்தூள் கலந்திருந்தாள்.

அவள் வாசல் சுவரில் நான் போட்ட பென்சில் கோட்டில் ஒரு முனையைப் பிடித்தாள். நான் மறுமுனையோடு ஜன்னல் மூலைக்குப் போய் அளவு நாடாவை நீட்டினேன். அறுபத்தொரு மில்லிமீட்டர் சரிவு. மறுபடி பார்த்தேன். அறுபத்தொன்று.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கால்கள் நூறு மில்லிமீட்டரிலிருந்து நூற்றைம்பது வரைதான் நீளும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது. ஐம்பதுக்குள் சரிவு இருந்தால் வழி உண்டு. அறுபத்தொன்றுக்கு இல்லை.

"என்ன, முடியாதா?"

"முடியாது. பதினொரு மில்லிமீட்டர் உதைக்குது."

அவள் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, நடுவுல இது என்ன, காத்தா?"

குனிந்து பார்த்தேன். குழாய் வளைந்து கிடந்த இடத்தில் நெல்லிக்காய் நீளத்துக்கு ஒரு காற்றுக்குமிழி. மஞ்சள் இல்லாவிட்டால் தெரிந்தே இருக்காது. குமிழி இருந்தால் இரண்டு முனையும் பொய் சொல்லும்.

"கணக்காபீஸ்ல முப்பத்தாறு வருசம் குப்பை கொட்டியிருக்கீய," என்றாள்.

"அங்கே குழாய் கிடையாது."

குழாயைத் தட்டித் தட்டிக் குமிழியை மேலே ஏற்றி வெளியேற்றினோம். அவளுக்குத் தோள்பட்டை வலி; ஆனாலும் கையை இறக்கவில்லை. மறுபடி அளந்தேன். நாற்பத்து நான்கு. இன்னொரு தடவை. நாற்பத்து நான்கு. இடைப்பட்ட இடங்களையும் அளந்தேன்; எங்கேயும் அதைத் தாண்டவில்லை. ஆறு மில்லிமீட்டர் கைவசம் மீதி.

பிறகுதான் அவர்கள் செய்த தவறு விளங்கியது. எல்லாக் கால்களையும் நூற்றிருபதுக்குத் திருகி வைத்துக்கொண்டு, தரை மிகவும் தாழ்ந்த மூலையிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். சமதரையில் அது சரி. எங்கள் தரையில் வாசலுக்கு வரும்போது காலுக்கு எழுபத்தாறு மில்லிமீட்டர்தான் இடம் இருக்கும். நூறுக்குக் கீழே கால் குறையாது. உயர்ந்த இடமான வாசலில் நூறில் ஆரம்பித்தால், ஜன்னல் மூலையில் நூற்று நாற்பத்து நான்கு. அவ்வளவுதான்.

ஒன்றரைக்கு வரவேண்டியவர்கள் ஒன்று ஐம்பதுக்கு வந்தார்கள். சொன்னேன்.

"மூலையிலிருந்துதான் ஆரம்பிப்பது வழக்கம், அங்கிள்ஜி."

"வழக்கம் சமதரைக்கு. இங்கே வாசலிலிருந்து வாருங்கள்."

"மேடை உயர்ந்துவிடும்."

"இருபத்து நான்கு மில்லிமீட்டர்."

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் அலமாரிமேல் கையை வைத்து, மாவு பிசைவதுபோல் அழுத்திப் பார்த்தாள். "ஏறட்டும். முதுகு குனியாம நிக்கலாம்."

"காலை மறைக்கும் அடிப்பலகை நூறு மில்லிமீட்டர்தான். மூலையில் சந்து தெரியும்."

"அந்தப் பலகையே நஹி சாஹியே, வேண்டவே வேண்டாம்," என்றாள். "அது இருந்தா வாரியல் எப்படி உள்ள போவும்?"

மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். "அங்கிள்ஜி, நின்றுவிட்டால் இதற்குமேல் நான் பேசவில்லை. நிற்காவிட்டால் நாளைக்குச் சிமென்ட்."

"அச்சா," என்றேன். நாற்பத்து நான்கு என்பதும் தப்பாக இருந்தால்?

இருபது கால்களையும் அவர்கள் திருகி முடிக்கும்வரை நான் உட்காரவில்லை. ஐந்தாவது, அதாவது மூலை அலமாரியைத் தள்ளி நிறுத்தியதும், மேற்பார்வையாளரே தன் ரசமட்டத்தை எடுத்து ஐந்தின் மேலும் வரிசையாக வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் குமிழி நடுவில் வந்து நின்றது. அன்றைக்கு நான் பார்த்த நல்ல குமிழிகள் அவை ஐந்தும்.

"மான் கயே, அங்கிள்ஜி," என்றார். ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தம். கையையும் கொடுத்தார்.

என் மனைவிக்கு அது போதவில்லை. குளியலறையிலிருந்து ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, யாரிடமும் கேட்காமல் வாசலில் ஊற்றினாள். ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு நின்றிருந்த மேற்பார்வையாளர் ஒரு காலைத் தூக்குவதற்குள் அது நனைந்துவிட்டது. தண்ணீர் முதல் அலமாரிக்கு அடியில் நுழைந்தது. இரண்டாவது, மூன்றாவது. நாங்கள் ஐந்து பேரும் குனிந்து பார்த்தோம். மரத்தூளையும் இரண்டு திருகாணிகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு ஜன்னல் மூலைக்குப் போய், ஜாலிக்குள் கடகடவென்று இறங்கியது.

"அதோ போவுது பாருங்க," என்றாள். பிறகு நனைந்த சாக்ஸைப் பார்த்து, "பையா, காப்பி குடிச்சிட்டுப் போங்க," என்றாள்.

மறுநாள் கருங்கல் மேடை வந்து உட்கார்ந்தது. பொங்கலன்று பானை அதன்மேல்தான் பொங்கியது, எந்தப் பக்கமும் சாயாமல். வழிந்ததை அன்று மாலை ஒரு வாளித் தண்ணீர் விட்டுக் கழுவினாள்.

பேசியிருந்த தொகை ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம். வேண்டாமென்ற அடிப்பலகைக்கு மூவாயிரத்து நானூறு கழித்துக்கொண்டார்கள். குழாய்க்கு நூற்று நாற்பது. ஆக மொத்தம் ரூபாய் 1,82,740.