சீரில் வந்த ஓவன்: சரி பண்ணவா, புதுசு வாங்கவா?

ஓவன் ரிப்பேர் கடையில் ஸ்க்ரூ கழற்றுகிறவருக்கு ஒரே வேலை, "இது தேறுமா, தேறாதா?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறவளுக்குத்தான் நூறு வேலை.

சங்ககிரியில் எங்கள் கடையில் ஸ்க்ரூ கழற்றுவது எங்கூட்டுக்காரர். பேசுவது நான். உங்கள் வீட்டிலும் ஒரு ஓவன் உள்ளே சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டுச் சோற்றைப் பச்சைத்தண்ணி மாதிரி வெளியே கொடுக்கும். சரி பண்ணுவதா, புதுசு வாங்குவதா என்று வீடே ரெண்டு கட்சியாகப் பிரிந்திருக்கும். அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். எங்கள் வாடிக்கைக்காரி சரசுவின் ஓவன் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஆடி ஒண்ணாந்தேதி

எங்கள் பக்கம் ஆடி ஒண்ணாந்தேதி தேங்காய் சுடுகிற நோம்பி. தேங்காய்க் கண்ணில் ஓட்டை போட்டு, வெல்லம், பொட்டுக்கடலை, எள்ளு, அவல் எல்லாம் உள்ளே திணித்து, குச்சியைச் செருகித் தெருவில் தீ மூட்டிச் சுடுவோம். அன்றைக்கு ஆடிக் காற்று வைத்த அடியில் பற்றவைத்த தீயெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போனது. ஊரே முறத்தை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றபோது, சரசுவுக்கு மட்டும் ஒரு யோசனை வந்திருக்கிறது. குச்சியை ஒடித்து ஓட்டையில் ஆப்பு மாதிரி அடித்து, தேங்காயை மைக்ரோவேவில் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில், பழைய சேலையில் சுற்றிய ஓவனோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பிரித்தால் ஓவனுக்குள் ஓடு, வெல்லம், எள்ளு எல்லாம் அப்பிக் கிடக்கிறது. வாசனை மட்டும் பிரமாதம். "என்னம்மிணி, வெடிச்சுதா?" என்றேன். "வெடிச்சா பரவால்லீங்கக்கா, மேல பாருங்க" என்றாள். ஓவன் மேல் மூடியில், கல்யாணக் குடத்துக்குப் பேர் வெட்டுகிற மாதிரி வெட்டியிருந்தது: 'தங்கை சரசுக்கு அண்ணன் செங்கோட்டுவேல் சீர்'. புதுமனைக்கு வந்த சீராம். ஆடிப் பதினெட்டுக்கு அந்த அண்ணன் வருகிறார். அவருக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டித் தொழில். போர் போட ஆள் கூப்பிடாமல் வண்டி ஷெட்டிலேயே நிற்கிறது.

"அவரு பாத்தா வட்டிக்கு வாங்கியாச்சும் புதுசு எடுத்துக் குடுத்துப்போடுவாருங்கக்கா. அதுக்குள்ள இது ஓடோணும். ஓடலீன்னா நான் என்ற ஊட்டுக் கதவப் பூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருவேன்!"

ஒத்தை வார்த்தை

எங்கூட்டுக்காரர் மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். வெல்லம் உருகி உள்ளே போய் எரிந்திருந்தது. சூடு கிளப்புகிற பாகம் போச்சு. அடித் தகட்டிலும் கரிந்து ஓர் ஓட்டை. அந்தத் தகட்டில் ஓட்டை விழுந்தால் அப்புறம் ஒட்டுப்போடக் கூடாது. உள்ளே இருக்க வேண்டிய சூட்டுக்கதிர் வெளியே கசியும்.

அவர் ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சைச் சம்படத்தில் போட்டால் பாதிகூட நிறையாது. "தேறாது" என்றார். அவ்வளவுதான், பக்கத்து மிக்ஸியை எடுத்துக்கொண்டார். சொன்னவர் தலையைக் குனிந்துகொண்டார். அழுகிற முகத்தைப் பார்ப்பது நான். பாகம் போனால் மாற்றலாம், பாத்திரமே போனால் புதுசுதான் சாமி என்று எடுத்துச் சொன்னேன். சரசு கேட்கவில்லை, பதினெட்டுக்குள்ள எப்பிடியாச்சும் பாருங்க என்று ஓவனைக் கடையிலேயே விட்டுவிட்டாள். போகும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே எங்கூட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, இவரு கண்ணாலத்துக்குச் சம்மதமான்னு கேட்டப்பவும் இப்பிடித்தான் ஒத்த வார்த்தைல சொன்னாருங்களா?"

அண்ணன் வந்தார்

ரெண்டு நாள் கழித்து, வெள்ளைச் சட்டையில் கிரீஸ் கறையோடு ஒருத்தர் வந்து, கடைக்குள் எட்டிப் பார்த்தார். அலமாரியில் இருந்த அந்த மூடியைப் பார்த்ததும் முகம் மாறியது. பேர் வெட்டிக் கொடுத்தவரே வந்துவிட்டார். சரசு மகள் போனில் மாமனுக்கு எல்லாம் சொல்லிவிட்டிருக்கிறாள், வெடித்த சத்தம் உட்பட.

"அக்கா, சரசு வந்து கேட்டா தேறாதுன்னு சொல்லிப்போடுங்க. பதினெட்டுக்குப் புதுசோட போய் நிக்கறேன்" என்றார். அட சாமி! தங்கச்சி தேறணும் என்கிறாள், அண்ணன் தேறக் கூடாது என்கிறார், ஓவன் நிஜமாகவே தேறவில்லை. உண்மையைச் சொன்னால் அண்ணனுக்குச் செலவு. பொய் சொன்னால் என் கடைக்குக் கெட்ட பேர். டீ வாங்கிக் கொடுத்தேன். "வண்டி ஷெட்டுல நிக்குதுங்கறாங்களே சாமி, இப்ப எதுக்குப் புதுசு?" என்று மெல்லக் கேட்டேன். டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"வண்டி இன்னிக்கு நிக்கும், நாளைக்கு ஓடும்ங்க. நான் குடுத்த சீரு ரிப்பேர்க் கடையில கெடக்குதுன்னு சம்பந்தி ஊட்டுல ஒரு பேச்சு வந்துச்சுன்னா, அத நான் எந்தப் போர்ல போட்டு மூடறது?"

தறிக்காரர் நியாயம்

பதினேழாந்தேதி காலையில் ராசிபுரத்திலிருந்து ஒரு தறிக்காரர் வந்தார். அவர் ஓவனில் உள்தகடு துருவேறிப் பொத்தலாகிக் கிடந்தது. எம்-சீல் வைத்து அடைத்துத் தரச் சொன்னார். ஆபத்துங்க, புதுசு வாங்கிக்கங்க என்றேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பொருளைத் தூக்கிப் போடுவது அவர்கள் வீட்டில் கெட்ட வார்த்தை பேசுகிற மாதிரியாம்.

"எங்க ஊட்டுல தறியில சட்டம் மாத்தியாச்சு, மோட்டார் மாத்தியாச்சு, அச்சு மாத்தியாச்சு, தாண்டியும் மாத்தியாச்சு. ஆனா ஓடறது இன்னிக்கும் எங்கப்பன் வாங்குன தறிதானுங்க!"

பதினெட்டுக்கு முதல் நாள்

தறிக்காரர் போனதும் எங்கூட்டுக்காரர் மிக்ஸியைக் கீழே வைத்தார். அலமாரியில் இருந்த மூடியை எடுத்து நீள அகலம் அளந்தார். எங்கே போகிறேன் என்று சொல்லாமல் சேலம் பஸ் ஏறிவிட்டார். பழைய சாமான் கடைகளில் அலைந்து, அதே கம்பெனியில் அதே அளவு ஓவன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கீழே விழுந்து கதவும் மூடியும் நொறுங்கியிருந்தது. உள்ளே மட்டும் சேதமில்லை.

சரசு ஓவனின் மூடியையும் கதவையும் கழற்றி அதற்கு மாட்டினார். கதவு இடுக்கில் எங்காவது கசிகிறதா என்று மீட்டரை வைத்து, ஒன்றுக்கு ரெண்டு தடவை சுற்றிப் பார்த்தார். தண்ணீர் வைத்தோம். கொதித்தது. சரசு வந்தாள். நான் ஒளிக்கவில்லை. "உள்ள இருக்கறது வேற ஓவன், மேல இருக்கறதுதான் உங்கண்ணன்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவள் பேர் வெட்டின இடத்தை முந்தானையால் துடைத்தாள்.

"பேரு இங்கதான இருக்குது? அப்ப சீரு இதுதானுங்கக்கா."

பதினெட்டுக்கு மறுநாள்

கடை திறக்கும்போதே செங்கோட்டுவேல் வாசலில் நிற்கிறார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். சொன்னபடி நீங்க சொல்லலையே என்று சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, எங்கூட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வழக்கம்போல மிக்ஸிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

வந்தவர் பழத்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். புது ஓவனுக்குக் கடையில் சொல்லி வைத்திருந்தாராம், பதினெட்டுக்குள் அது வந்து சேரவில்லையாம். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் நேரே வருகிறாராம். தங்கச்சி வீட்டில் சம்பந்திகள் எல்லோரும் இருக்க, சரசு அவருக்கென்று ஓவனில் காப்பியைச் சூடு பண்ணிக் கொடுத்திருக்கிறாள். "அப்ப உங்களுக்குச் சந்தோசந்தானுங்க?" என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் வாங்கும்போது உள்ள வெள்ளையா இருந்துதுங்கக்கா, நேத்துப் பாத்தா சாம்பக் கலரு. நான் மூச்சு உடலியே! 'நம்ம சீரு கெட்டி, சாமி'ன்னு சொல்லி, இன்னொரு கிளாசும் சூடு பண்ணச் சொல்லிக் குடிச்சுப்போட்டு வந்துட்டேன்."

ஆக மக்களே, சரி பண்ணலாமா, புதுசு வாங்கலாமா என்று யார் ஓவனைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது "யாரு வாங்கிக் குடுத்தது?" என்றுதான், என்ன கெட்டுப்போச்சு என்பதை எங்கூட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்.